புதன் பின்னேரத் தோணி

மிதவையைச் சுற்றித் திரும்பும்போது சாலிஹ் ஓட்டிவந்த இரவல் தோணிதான் முன்னால் இருந்தது.

திரும்பிப் பார்த்தான். சீனிமுகம்மது மாமாவின் நீலப் பாய் கொஞ்சம் பிந்தி வந்துகொண்டிருந்தது. மற்றத் தோணிகள் இன்னும் மிதவையைத் தொடவேயில்லை.

இனிக் காரைதீவுக் கடலிலிருந்து சாய்ந்தமருதுக் கரைவரை ஒரே ஓட்டம். முந்தவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாமாவின் தோணி அவனுடையதாகிவிடும்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் கடற்கரை முழுவதும் முடங்கிக் கிடந்த வருடத்தில்தான் எல்லாரும் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுத் தறப்பாளில் பாய் தைத்தார்கள். பிறகு மண்ணெண்ணெய் வந்தது. ஆனால் பாய்களை மடித்துவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. புதன்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, யாரும் யாரையும் அழைக்காமலே, ஐந்தாறு தோணிகள் போட்டிக்கு இறங்கிவிடும். பரிசு எதுவும் கிடையாது. வென்றவன் அடுத்த புதன்வரை தேநீர்க் கடையில் பெருமை பேசலாம், அவ்வளவுதான்.

இன்றைய போட்டி மட்டும் அப்படியல்ல.

பாரிசவாதம் வந்து சீனிமுகம்மது படுக்கையில் விழுந்ததிலிருந்து அவருடைய தோணி மணலில் கிடந்தது. சாலிஹ் தொழில் பழகியது அந்தத் தோணியில்தான். இப்போது யார் யாருடைய தோணியிலோ கூலிக்குப் போகிறான். போன கிழமை அவர் வீட்டுக்கே போய்க் கேட்டான்.

"தோணிய எனக்குத் தாங்க மாமா. சும்மா கிடந்தா வெயில்ல வெடிச்சிப் போகும்."

அவர் கோணிய வாயால் எதையோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி சபூறாவின் குரல் வந்தது.

"புதன்கிழமை அந்தத் தோணிய முந்திக் காட்டு. மறுகா கதைப்பம்."

இன்று அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து சுக்கானடியில் இருத்தினார்கள். தோளிலிருந்து மடிவரை சால்வை. அவர் சரிந்து விழாமல் பிடித்துக்கொள்ள, பின்னால் சபூறா ஏறி உட்கார்ந்தாள். பாய்க்கயிற்றை மருமகன் றிம்சான் பிடித்தான்.

பொம்பிளை ஏறின தோணியோடு போட்டியா என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

ஏறட்டும் என்று சொன்னவன் சாலிஹ்தான். பாரம் கூடினால் தோணி பிந்தும்.

கச்சான் காற்று தரையிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. தூரத்தைக் குறைக்க நினைத்த சாலிஹ் கரையை ஒட்டித் தோணியை விட்டான். கொஞ்சத் தூரத்திலேயே பாய் தொய்ந்தது. கரையோரத் தென்னைகள் காற்றை மறித்துக்கொண்டு நின்றன.

நீலப் பாய் கரைப்பக்கம் வரவேயில்லை. ஆழத்துக்கு ஒதுங்கி, காற்று தடையில்லாமல் விழும் இடத்தைப் பிடித்து, வயிறு புடைக்க வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனைத் தாண்டியது.

நோயில் விழுந்தும் மனிசன் காற்றை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். கோபமும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

விடுவதாக இல்லை. தோணியின் தலைப்பை ஆழ்கடல் பக்கம் திருப்பினான். தம்பி இன்ஷாப்பைக் காற்றுப் பக்கத்து விளிம்பில் ஏறிச் சாயச் சொன்னான். பாய் மறுபடி இறுகியது. அலை உடைந்து முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

மெல்ல மெல்ல நெருங்கினான். கடைசியில் இரண்டு தோணிகளும் சரிக்குச் சரியாக வந்தன. நடுவில் நீலப் பாய் புடைத்து மறைத்தது. சாலிஹ் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் நட்டிருந்த கம்பை மட்டுமே பார்த்தான்.

அரைத் தோணி நீளத்தில் தோற்றான்.

பாயை இறக்கச் சொல்லிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்தான். வென்றவருக்குத் தோற்றவன் போய் ஸலாம் கொடுக்க வேண்டும். நீலப் பாய்த் தோணியருகே போய் இரண்டு கைகளையும் நீட்டினான்.

சீனிமுகம்மதின் கை வரவில்லை.

சால்வை காற்றில் விலகியிருந்தது. அவருடைய வலக்கை, விரல்கள் மடங்கி, மடியில் அசையாமல் கிடந்தது. இடக்கை தோணி விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

சுக்கானைப் பிடித்திருந்தவை சபூறாவின் கைகள். தோணி நின்ற பிறகும் அவளால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, மரத்தில் இரத்தம் ஒட்டியிருந்தது.

"மண்ணெண்ணெய் இல்லாத வருஷம் இவரோட கடலுக்குப் போக ஒரு ஆளும் இல்ல," என்றாள் மெதுவாக. "நீயும் வராம நிண்டுட்டாய். விடியமுன்னம் நான்தான் போனன்."

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

மணலில் நின்றவர்களில் ஒருவன் கத்தினான்.

"என்ன சாலிஹ், மாமாவா இந்த ஓட்டம் ஓட்டின?"

சாலிஹ் சபூறாவைப் பார்த்தான். அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை. என்ன சொல்லப் போகிறாய் என்பதுபோல அவனையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டினவங்க வெண்டுட்டாங்க," என்று உரக்கச் சொன்னான். "தோணிய இழுக்க நாலு பேர் வாங்க!"

கரையில் ஆரவாரம் எழுந்தது. சீனிமுகம்மதின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே எல்லாரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

அவர்கள் வந்து சேருமுன் சாலிஹ் தோணிக்குத் தோள் கொடுத்தபடி தலையைக் குனிந்து கேட்டான்.

"நாளைக்குக் கடலுக்கு ஆள் வேணுமா, மாமி?"

சபூறா ஒவ்வொரு விரலாகச் சுக்கானிலிருந்து பிரித்தெடுத்தாள். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"விடிய சுபஹு தொழுதுட்டு வா," என்றாள். "பிந்தினா நிக்கமாட்டன்."