கிழங்கில்லாத மான் குழம்பு

உருளைக்கிழங்கு போடாமல் குழம்பை எப்படித் தடிக்க வைப்பது என்று கிளடிஸுக்குப் பிடிபடவில்லை. மோர்னிங்சைட் அடுக்குமாடியின் சமையலறை யன்னலில் ஆவி படிந்து, வெளியே பெய்யும் பனி வெறும் வெளிச்சமாகத் தெரிகிறது. கூடத்தில் கசற்றில் பழைய பாட்டொன்று ஓடுகிறது. அடுப்பில் மான் இறைச்சி மிளகு மணக்கக் கொதிக்கிறது. இறைச்சி மெத்தென்று வெந்துவிட்டது, குழம்போ தண்ணீராக ஓடுகிறது. கணவர் நீக்கிலாஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்த கூட்டாளி பில், தான் வேட்டையாடிய மானில் ஒரு தொடையைத் தந்திருக்கிறான். சலரோகம், சீனி வருத்தம் என்று கண்ட நாளிலிருந்து நீக்கிலாஸுக்குக் கிழங்கும் மாவும் கூடாது, தேங்காய்ப்பாலும் கூடாது. மேசையிலிருந்து அரைவயிற்றோடுதான் எழும்புகிறார். இன்றைக்காவது அவர் வயிறாரச் சாப்பிடவேண்டும்.

“மானைப் பிடிச்ச பில், சீனியில்லாத கிழங்கு ஒண்டையும் பிடிச்சிருக்கலாம்,” என்கிறார் நீக்கிலாஸ்.

“பகிடி விடாமல் இருங்கோ. உது ரசம் மாதிரிக் கிடக்கு.”

பசி பொறுக்காமல் அவர் கோப்பையில் குழம்பை ஊற்றி, பக்கத்து அடுப்பில் அளவுக்கு மேல் அவிந்துபோன காலிஃபிளவரை, அந்தப் பூக்கோவாவையும் அள்ளிப் போட்டுக் கரண்டியால் மசிக்கிறார். குழம்பு தடித்து இறைச்சியில் ஒட்டிக்கொள்கிறது. கிளடிஸ் எட்டிப் பார்க்கிறாள். கிழங்கில் இருக்கும் மாச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதும். பூக்கோவாவில் அந்த மாச்சத்து அவ்வளவாக இல்லாவிட்டாலும், மசிந்த சதை தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது.

“பில்லுக்கும் ஒரு போத்தலில போட்டு வையும்,” என்று வாய் நிறைந்த இறைச்சியோடு சொல்லிக்கொண்டே அவர் வெறுங்கோப்பையை நீட்டுகிறார். “அவன் செய்ததுக்கு உதாவது குடுக்கவேணும்.”

கிளடிஸ் மிச்சப் பூக்கோவாவை மசித்துச் சட்டியில் சேர்த்து, மெல்லிய சூட்டில் கிளறுகிறாள்; கிழங்கில்லாமலே குழம்பு தடிக்கிறது.