அட்டை மேல் இருந்த பெயர்

"அந்த ஆளோட புத்தகம் ஒண்ணுகூட நாளைக்கு அலமாரில இருக்கக் கூடாது. மொத்தத்தையும் எடைக்குப் போட்டுடுங்க."

கட்டிலில் சாய்ந்தபடி தொழிற்சங்கத் தலைவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஒரு கண்ணில் ஆபரேஷன் கட்டு. இன்னொரு கண் எந்தக் காலத்திலோ ஒரு தடியடியில் போனது. கண் இரண்டும் இருட்டு என்றாலும் குரலில் மட்டும் ஆலைச் சங்கு அப்படியே இருந்தது.

சங்கத்தின் செயலாளர் தலையாட்டினார். "ஆமாண்ணே. வேலைநிறுத்தம் சோம்பேறிங்க கொண்டாடுற லீவுன்னு மேடையில பேசியிருக்கான். அவன் கதையை நம்ம படிப்பகத்துல வெச்சா நமக்குத்தான் அசிங்கம்."

"அவர் கதையில அப்படி எங்கேயாவது எழுதியிருக்காரா?" என்றாள் தலைவரின் மனைவி. சங்கத்தில் எல்லோருக்கும் அவள் தலைவரம்மா.

"எட்டி மரத்துல வாழைப்பழமா பழுக்கும்?" என்றார் தலைவர்.

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"அவனையெல்லாம் நான் கையால தொடுவேனா?"

செயலாளர் போனதும் தலைவரம்மா பசைக் கிண்ணத்தை எடுத்தாள்.

படிப்பகப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது அவள் வேலை. போராட்டச் சுவரொட்டிகளில் மிஞ்சியதைத் திருப்பிப் போட்டு ஒட்டுவாள். மேலே எழுத்தாளர் பெயர். நம்ம ஆள் என்றால் சிவப்பு மை, மற்றவர் என்றால் கறுப்பு. அது தலைவர் போட்ட சட்டம். கறுப்புப் பக்கம் ஒரு தொழிலாளியின் கையும் போகாது.

தீர்ப்புக்கு ஆளானவரின் நாவல் ஒன்று அவள் தலையணைக்கடியில் இருந்தது. அதன் கறுப்பு எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, நம்ம தோழர் ஒருவரின் பெயரைச் சிவப்பில் எழுதி மாட்டினாள். பார்க்க வருகிறவர்களின் கண் சும்மா இருக்காதே.

"பொழுது போகணுமே. நம்ம தோழரோட சின்ன நாவல் ஒண்ணு. படிக்கட்டுமா?"

"ம், படி."

கதையில் ஆலையை இழுத்து மூடிவிடுகிறார்கள். குழந்தைகளுக்குத் தெரியக் கூடாதென்று தொழிலாளிகள் தினமும் காலிச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புகிறார்கள். மதியம் பூட்டிய கேட்டின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, காலி டப்பாவைத் திறந்து, மூடுகிறார்கள். காவலாளி ஒவ்வொருவரிடமும் "என்ன சாப்பாடு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறான். ஆளுக்கொரு பொய் சொல்கிறார்கள்.

அந்த இடத்தில் தலைவரம்மாவின் குரல் லேசாகத் தயங்கியது. பிறகு மேலே போனது.

"கண்ணைத் துடைக்காதீங்க. ஈரம் படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"சொட்டு மருந்து வழியுது."

"மருந்து விட்டு ரொம்ப நேரமாச்சு தலைவரே."

மாலைக்குள் நாவல் முடிந்தது. தலைவர் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு, "கேட் வாசல்ல பட்டினியா உட்கார்ந்தவன் மனசு தெரிஞ்சாதான் இப்படி எழுத முடியும்" என்றார்.

இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்.

"எழுதினது நம்ம தோழர் இல்லே. எடைக்குப் போடச் சொன்னீங்களே, அவர்தான். இப்போ சொல்லுங்க, எட்டியா, வாழையா?"

வீடு இடியப் போகிறது என்று காத்திருந்தாள். தலைவர் மெல்லத்தான் பேசினார்.

"ஒரு வரியை விட்டுட்டே."

"எந்த வரி?"

"காவலாளி கடைசியா சங்கத் தலைவன்கிட்ட வருவான். அவன் டப்பா மட்டும் கனமா இருக்கும்னு எழுதியிருப்பான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கையால தொட மாட்டேன்னீங்க?"

"ஜெயில்ல வேற புத்தகம் இல்லே. அங்கே யார் பார்த்தா?"

"அப்போ காலையிலேர்ந்தே தெரியுமா?"

"முதல் வரியிலேயே தெரியும். நீ பொய் சொல்லிக் கேட்டதே இல்லையா, நல்லா இருந்தது. சரி, அந்த வரியை ஏன் விட்டே?"

"நம்ம ஆலையை மூடினப்போ உங்க காலி டப்பாவைக் கழுவி மூடிக் குடுத்தவ நான். அதுல என்ன கனம் இருந்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

தலைவரின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது.

"மேடைப் பேச்சுக்கு இல்லே, அந்த ஒரு வரிக்குத்தான் எடைக்குப் போடச் சொன்னீங்க. அப்படித்தானே?"

தலைவர் பிடியைத் தளர்த்தினார். அவள் பெருமூச்சு விட்டபடி பொய் அட்டையைக் கழற்றப் போனாள். காகிதம் சரசரத்தது.

"கழட்டாதே" என்றார் தலைவர். "படிப்பகச் சாவி உன்கிட்டதானே இருக்கு? அவனோட மத்த புத்தகத்துக்கும் இதே மாதிரி சிவப்புல பேர் எழுதி மாட்டிடு. காலையில நம்ம ஆளுங்க கறுப்பு எழுத்தை மட்டும்தான் தேடுவாங்க."

"யாராவது உள்ளே பிரிச்சுப் பார்த்துட்டா?"

"பார்க்க மாட்டாங்க. அவங்களைப் பழக்கினது நான்தானே."