சமதளம்

தையல்காரிக்கு ஐம்பத்திரண்டு வயதில் சைக்கிள் ஆசை மறுபடி துளிர்த்தது. கணவர் இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. "ஓட்டணும்னா என் மேல ஏத்திட்டுப் போ" என்று வாசலை மறித்து நிற்பார். துணி கொடுக்க வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பார்.

அவர் போய்ச் சேர்ந்த மறுமாதமே அவருடைய சைக்கிளின் சீட்டை இறக்கி, கிடங்குக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தையல் மெஷின் பழக்கத்தில் இரண்டு காலையும் சேர்த்தே மிதித்தாள். தங்கை கேரியரைப் பிடித்தபடி கூடவே ஓடினாள்.

தளத்தின் நடுவில் சைக்கிள் தூக்கிப் போட்டது. முதலில் முன் சக்கரம், அடுத்து பின் சக்கரம்.

"கல்லு ஏதாவது கெடக்கா பாருடி."

"வழவழன்னு இருக்குக்கா. ஒண்ணுமே இல்ல."

அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் தூக்கிப் போட்டது. இந்த முறை கீழேயிருந்து ஒரு முனகலும் வந்தது. நாற்காலியை விட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முனகுவாரே, அதேதான்.

தங்கைக்கு முகம் வெளிறிவிட்டது. "வேணாம்க்கா, வீட்டுக்குப் போயிடலாம்."

தையல்காரி காலை ஊன்றி நின்று அந்த வெறும் சிமெண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சைக்கிளைத் திருப்பினாள்.

பொழுது சாய்வதற்குள் யாரும் பிடிக்காமலே ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு சுற்றில்கூட அந்த இடத்தைத் தவறவிடவில்லை. முனகல் மட்டும் ஓய்ந்தபாடில்லை. கடைசியில் தங்கையின் பக்கத்தில் வந்து பிரேக்கைப் பிடித்தாள்.

"நீயும் பின்னாடி ஏறிக்கோடி. என் ஒருத்தி கனம் பத்தல."