பதினேழாவது காட்சி

“ஒருத்தரையாவது உயிரோட விடுங்கம்மா. ரெண்டு பேரையும் ஒரே லாரியில அடிச்சுப் போட்டா எவன் உக்காந்து பார்ப்பான்?”

திரைக்கதை வாத்தியார் தாள்கட்டை மேசையில் போட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“ஆன்ட்டி கையில பேனாவைக் கொடுத்தாலே கொலைதான் சார்!” என்றான் பின்வரிசைத் தாடிக்காரன்.

எதிரே நின்ற அவளும் சிரித்துவைத்தாள். வயது ஐம்பத்து மூன்று. திரைப்படக் கல்லூரியில் அவள் நுழைந்த முதல் நாள், புது டீச்சர் என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. வாத்தியாரும் சேர்ந்துதான் எழுந்தார். அவருக்கே முப்பத்தாறுதான்.

படம் என்றால் அவளுக்கு உயிர். ஈ ஓட்டும் தியேட்டரில் ஓடுகிற படத்தைக்கூட விடமாட்டாள். அதில் ஒரு கிறுக்கும் உண்டு. தனியாகப் போனாலும் மூன்று டிக்கெட் வாங்கி நடு இருக்கையில் உட்காருவாள்.

“ஒண்ணு ஆன்ட்டிக்கு, ஒண்ணு கைப்பைக்கு, ஒண்ணு குடைக்கு” என்று தாடிக்காரன் ஒருநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னான். “இடிபடாம பார்க்கலாம்ல தம்பி” என்றாள் அவள். அன்றிலிருந்து அவள் ‘மூணு டிக்கெட் ஆன்ட்டி’.

இன்றுதான் கடைசி நாள். மாணவர்கள் எழுதியதில் ஒரே ஒரு கதையைக் கல்லூரியே படமாக எடுக்கும். வாத்தியார் கையெழுத்தோடு நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருஷம் இந்த வகுப்பே கிடையாது, மூடப்போகிறார்கள். இன்று விட்டால் விட்டதுதான்.

எடுக்கத் தகுந்த கதை அவளுடையது மட்டும்தான். அது வாத்தியாருக்கும் தெரியும். பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்து, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருந்தார். பதினாறு காட்சிகளும் அப்படி. பதினோரு வயதுப் பெரியவள், ஏழு வயதுச் சின்னவனுக்கு ஷூ கயிறு கட்டிவிடுவாள். அவன் அவள் தலையிலேயே தாளம் போடுவான்.

பதினேழாவது காட்சியில்தான் எல்லாம் கெட்டது. பள்ளி விட்டு இருவரும் கைகோத்துச் சாலையைக் கடக்கிறார்கள். லாரி இருவரையும் அடித்துத் தூக்குகிறது.

“நிஜத்துல நடக்கலாம்மா. பேப்பர்லகூட வரும். திரையில காட்டினா நம்பமாட்டாங்க. அழவைக்கிறதுக்குன்னே செஞ்சதும்பாங்க.”

அவர் ஒருமுறை சூடுபட்டவர். அவர் எடுத்த ஒரே படம் மூன்றாம் நாளே தியேட்டரை விட்டுப் போனது. ‘அழுகை தாங்கவில்லை’ என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. அந்த வரி இன்னும் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

“அப்படியே இருந்தா எடுக்கமாட்டாங்களா சார்?”

“நான் கையெழுத்தே போடமாட்டேன்.”

அவள் முகம் வாடிவிட்டது. “அதுங்க பெரிய திரையில ஓடியாடறத ஒரு தடவை பார்த்துடலாம்னு இருந்தேன் சார்.”

“எழுதறவங்க எல்லாருக்கும் உள்ள ஆசைதாம்மா அது. ஒரே ஒரு வார்த்தை மாத்துங்க. ‘இருவரையும்’ங்கறதை அடிச்சுட்டு, ஒருத்தரை மட்டும் போடுங்க. எந்தப் பிள்ளையா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.”

“எந்தப் பிள்ளையா இருந்தாலுமா?”

“காகிதத்துல இருக்கற பிள்ளைங்கதானே! ரெண்டு நிமிஷ வேலை. போய் வராந்தாவுல உக்காந்து முடிச்சுட்டு வாங்க.”

அவள் போனாள். வராந்தா பெஞ்சில் கைப்பையை ஒரு பக்கமும் குடையை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் மற்றவர்களின் தாள்களைப் பார்த்தார், சாப்பிட்டார், கொஞ்சம் கண்ணயர்ந்தும் எழுந்தார். ஜன்னல் வழியே பார்த்தபோதெல்லாம் அவள் பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

நான்கு அடிக்கப் பத்து நிமிஷம். பியூன் தலையை நீட்டினார். “அந்தம்மாவோடது மட்டுந்தான் சார் பாக்கி. ஆபீஸைப் பூட்டப் போறாங்க.”

வாத்தியாருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நல்ல கதை, தன் பெயரையும் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கும். வேகமாக வராந்தாவுக்கு வந்தார்.

“ஒரு வார்த்தைக்கு மூணு மணி நேரமாம்மா? படம் பார்த்தா மட்டும் போதாது. வெட்டத் தெரியணும். வெட்டத் தெரியாதவங்க இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது.”

அவள் தாளை நீட்டினாள்.

‘சின்னவனை’ என்று எழுதி அடித்திருந்தாள். அதன் மேல் ‘பெரியவளை’ என்று எழுதி அடித்திருந்தாள். மறுபடி சின்னவன். மறுபடி பெரியவள். அடித்து அடித்துத் தாள் அந்த இடத்தில் கிழிந்தே போயிருந்தது. ஓட்டைக்குக் கீழே, குண்டு குண்டான எழுத்தில், பழையபடி ‘இருவரையும்’.

“என்னம்மா இது? ரெண்டுல ஒண்ணைச் சொல்ல இவ்வளவு கஷ்டமா? யாரா இருந்தா என்ன?”

வராந்தாக் கோடியில் பியூன் அலுவலகக் கதவை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. அவள் பேனாவை மூடினாள். ஒரு பக்கம் இருந்த கைப்பையை எடுத்தாள். மறுபக்கம் இருந்த குடையை எடுத்தாள். எழுந்து நின்றாள்.

“ரெண்டும் நான் பெத்ததுங்க சார்.”