எங்க ஊர் உச்சரிப்பு

ஹங்கேரியிலிருந்து டென்மார்க்குக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த இல்திகோவுக்கு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வாய் திறக்கவே பயம். ரொட்டியை இங்கே 'ப்ரோல்' என்பார்கள். அவள் நாக்கில் அது 'ப்ரோட்' என்றுதான் வந்தது.

"தொண்டையில சூடான உருளைக்கிழங்கு மாட்டுன மாதிரி சொல்லணும், இல்திகோ!" என்று முதல் பெஞ்சு சில்யே தினமும் கேலி செய்வாள். வகுப்பே சிரிக்கும்.

பயிற்சியின் கடைசி நாள் அவளுக்கு மதிப்பெண் போட வந்த அதிகாரி ப்ரெபென், பின்வரிசையில் உட்கார்ந்தார்.

"ஒரு ப்ரோட்டை ஆறு பேருக்குப் பங்கு போட்டா..." என்று கணக்கைத் தொடங்கிய இல்திகோ, தன் தவறு காதில் விழுந்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஆளுக்கு ஆறுல ஒரு பங்கு ப்ரோட்" என்றாள் சில்யே.

"ரெண்டு ப்ரோட் இருந்தா மூணுல ஒரு பங்கு!" என்றாள் இன்னொருத்தி.

ப்ரெபென் எழுந்தார். "என்ன இது, எல்லாருமே தப்பாச் சொல்றீங்க?"

"எங்க ஊர்ல இப்படித்தான் சொல்லுவோம்" என்றாள் சில்யே, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும் இல்திகோ அவரிடம் வந்தாள். "தப்பு என்னோடதுங்க. அவங்களைக் கோவிச்சுக்காதீங்க."

"தெரியும்மா. நான் பொறந்து வளர்ந்ததே இந்த ஊர்லதான்."

அவள் முகம் செத்துப்போனது.

"முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தேன். எனக்காக ஒரு பிள்ளைகூட இப்படிப் பொய் சொன்னதில்ல" என்றபடி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார் ப்ரெபென். "நீ பாஸ்!"