முந்தியில் முடிந்த அரிசி

தாரமங்கலம் கோயில் மண்டபத்தில் முற்பகல் ஒளி தூண்களுக்கிடையே சாய்ந்து கிடக்கிறது. கல் யாளியின் வாய்க்குள் விரலை நுழைத்து, உள்ளிருக்கும் கல்லுருண்டையை உருட்டிக்கொண்டிருக்கிறாள் வசந்தாமணி. அவள் தம்பிக்கு இன்று ஓமலூரில் கல்யாணம். அழைக்க வந்த தம்பி வீட்டுப்படி ஏறாமல் களத்திலேயே வெற்றிலை பாக்கை நீட்டிவிட்டான் என்ற கோபத்தில், அவள் கணவர் அப்புசாமி வாடகை அம்பாசிடரில் அவளை ஊர்சுற்ற அழைத்து வந்திருக்கிறார். எதிர்த் தூணருகே வேறொரு குடும்பத்தின் கல்யாணம், தாலி கட்டுமுன் செய்யும் இணைச்சீர்ச் சடங்கு நடக்கிறது. கூறைச்சேலை வைத்த கூடையை ஏந்தி, மணமகனை ஒட்டி நிற்கிறாள் அவனுடைய அக்காள். உடன்பிறந்தவளுக்கு மட்டுமே உரிய இடம் அது. கல்லுருண்டை நின்றுவிடுகிறது. அப்புசாமி தோள்துண்டை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடியும் மடிக்கிறார். “இப்பக் கெளம்புனாக்கூட ஓமலூருக்குப் போயரலாம், மணி.” அவள் பார்வையை எடுக்காமலே சொல்கிறாள்: “எங்கூட்டுக் கூடையை இந்நேரம் எனக்குப் பதிலா சித்தப்பன் மக எடுத்திருப்பாளுங்க. இனி நான் போயி எங்க நிக்கறது?” “களத்துல வெச்சுக் கூப்புட்டானேன்னுதான்…” “களத்துல நின்னாலும் கூப்புட்டானுங்களே.” கல்யாண வீட்டு அம்மாள் ஒருத்தி அட்சதைத் தட்டை நீட்டுகிறாள். “நீங்களும் எடுத்துக்கங்க, சாமி.” இருவரும் ஆளுக்கொரு பிடி எடுக்கிறார்கள். கெட்டிமேளம் எழுகிறது. சுற்றிலும் கைகள் திறக்கின்றன, அப்புசாமியும் தூவுகிறார். வாசலிலிருந்து காரோட்டி மாதையன், “அடுத்து சங்ககிரிக் கோட்டைதானுங்களே?” என்று உரக்கக் கேட்கிறான். மூடியிருந்த கையை மெல்லத் திறந்து, மஞ்சள் படிந்த அரிசியைத் தன் முந்தியில் முடிந்துகொள்கிறாள் வசந்தாமணி.