முனகுகிற மாப்பிள்ளை

"முனகுற பையனுக்கெல்லாம் எம் பொண்ணக் குடுக்க முடியாதும்மா. கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார் சென்றாயன்.

"யாருங்க முனகுறது? எம் பையன் பேசுனது தெருமுனை வரைக்கும் கேக்குது. ஒங்களுக்குக் காது கேக்கலைன்னா அதுக்கு நாங்களா பொறுப்பு?"

பையனின் அம்மா மாரம்மா, காப்பி டம்ளரைத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்துக்குப் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு மாதேஸ்வரி இங்கேதான் இருந்தாள், மிக்சர் தட்டோடு, எல்லார் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து.

காது கேட்கவில்லை என்பது சென்றாயனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. ஓசூர் சிப்காட்டில், தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். கேட்பது குறைந்தபோது அவர் தன் காதைச் சந்தேகப்படவில்லை, உலகத்தைச் சந்தேகப்பட்டார். கண்டக்டர் முனகினார், ரேஷன் கடைக்காரர் முனகினார், சூளகிரியிலிருந்தும் குருபரப்பள்ளியிலிருந்தும் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முனகினார்கள். காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லித் தோற்ற மனைவி முனிலட்சுமி, கோபத்தில் ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தாள். அவருக்கு அது தெரியவே இல்லை.

இந்த மத்தூர்ப் பையன் தமிழரசன், மாதேஸ்வரி கொண்டுவந்த சம்பந்தம். சென்றாயன் மகள் நிர்மலாவோடு கம்பெனி பஸ்ஸில் போகிற பெண் ஒருத்தி போகிற போக்கில் சொன்ன தகவலைப் பிடித்து, ஜாதகம் வரை இழுத்துவந்தவள் அவள்தான். இதுவும் முறிந்தால் நிர்மலாவுக்கு இனி வரன் வருவது கஷ்டம். தானாகப் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. தன் வீட்டில் காதல் கல்யாணம் நடந்தால் தாலி கட்டுகிற இடத்துக்கே வரமாட்டேன் என்று சென்றாயன் என்றைக்கோ சொல்லியாயிற்று. அதைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அவரால் வேறு மாதிரி சொல்ல முடியாது.

மாரம்மா எழுந்துவிட்டாள். முனிலட்சுமி தெலுங்கில் ஏதோ பொரிந்தாள். கோபம் தலைக்கேறினால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

அப்போதுதான் பையன், வீட்டில் ஹெட்போன் இருக்கிறதா என்று கேட்டான். நிர்மலா உள்ளேயிருந்து தன்னுடையதை எடுத்துவந்தாள். பெங்களூரில் அவனுக்கு இதுதான் வேலையாம். ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒரு குணம், ஒன்று தடதடக்கும், ஒன்று சன்னமான சத்தத்தை விழுங்கிவிடும். மாட்டியிருப்பது எது என்று போன் தானாகவே கண்டுபிடித்து, அதற்கும் கேட்கிறவர் காதுக்கும் தகுந்த மாதிரி சத்தத்தை மாற்றிக் கொடுக்கும் என்றான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி என்று மாரம்மாவும் நின்ற இடத்திலிருந்தே விளக்கினாள். பெருமை கோபத்தைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்திருந்தது.

சென்றாயன் வேண்டாம் வேண்டாம் என்றபடியே தலையைக் கொடுத்தார். தமிழரசன் தன் போனைத் தட்டிவிட்டு, நடுவில் ஸ்டூல் மேல் வைத்தான்.

சென்றாயன் நிமிர்ந்தார். மேலே பார்த்தார்.

"இந்த ஃபேனுக்கு இப்பிடி ஒரு சத்தம் இருக்குதா?"

அவர் தலை மெல்லத் திரும்பியது. சமையலறையில் குழாய் சொட்டியது. வெளியே எங்கோ ஒரு அணில். நிர்மலாவின் வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து உட்கார்ந்ததை மாதேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். மிக்சர் தின்ன மறந்துபோனாள், அது அவளுக்கு நேராத ஒன்று.

"ஏங்க" என்றாள் முனிலட்சுமி, பயந்துபோய், மெதுவாக.

சென்றாயன் அவளையே பார்த்தார். "கத்தாம பேசுனா ஒங்கொரல் இப்பிடியாடி இருக்கும்?" என்றார். மாரம்மா உட்கார்ந்துவிட்டாள்.

தை மாதம் கல்யாணம். நிர்மலாவும் தமிழரசனும் பெங்களூர்ப் பக்கம் சந்தாபுரத்தில் குடிபோனார்கள். சென்றாயன் ஹெட்போனில் கேட்க ஆரம்பித்ததும் அவர் வீட்டு டிவி சத்தம் அடங்கிவிட்டது. அதுவரை தன் டிவியை அணைத்துவிட்டுச் சுவர் வழியாகவே சீரியல் கேட்டுக்கொண்டு சமைத்த மாதேஸ்வரிக்கு அதில் நஷ்டம்தான். ஆனாலும் 'நான் முடிச்ச சம்பந்தம்' என்று தெருவில் சொல்லாத ஆளில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தபோது, காதில் ஒரு குறையும் இல்லாத மாதேஸ்வரி தனக்கும் அந்த ஹெட்போனை மாட்டச் சொன்னாள். பீப் என்று கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னான் தமிழரசன். வலது காது, இடது காது, மறுபடி வலது. குக்கர் விசிலடித்து இறக்கியும் ஆயிற்று, இது முடியவில்லை.

"ஹெட்போன் எதுன்னு போனே கண்டுபுடிச்சிக்கும் அத்தை. காது எப்பிடின்னு ஆளக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றான்.

மாதேஸ்வரியின் விரல் பாதியில் நின்றது. நிர்மலாவுக்குச் சமையலறையில் திடீரென்று வேலை வந்தது.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போனதும் மாதேஸ்வரி மெல்ல இழுத்தாள். "ஏண்ணா, எனக்கு இத்தன பீப் வச்சாரே மாப்பிள்ள. அன்னிக்கு ஒங்களுக்கு ஒண்ணுகூட வைக்கலையே?"

சென்றாயன், முனிலட்சுமி இருந்த சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, அந்தத் தெருவில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ இந்தச் சம்பந்தம் கொண்டாறதுக்கு முன்ன, ஆடி மாசமே வச்சாச்சும்மா. கம்பெனியில கத்துக்கச் சொன்னாங்கன்னு நிர்மலா இதே ஹெட்போன மாட்டி வெரலத் தூக்கச் சொன்னா. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மாட்டுன ஒடனே கணீர்னு கேட்டுச்சு பாரு, ரெண்டு பேரும் முன்னயே பழக்கம்னு அப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

"தெரிஞ்சேவா ஒத்துக்கிட்டீங்க?"

"மத்தவனெல்லாம் பொண்ணப் பாக்க வந்து வீட்ட அளந்தான். இவன் வர்றதுக்கு முன்னயே மாமனார் காத அளந்து வச்சிருக்கான். அவன எப்பிடிம்மா விடுறது? நீ முடிச்ச சம்பந்தம்னே ஊருக்குச் சொல்லிக்க. ஒனக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம்."